வால்டன் குளக்கரையும் அரைக்காசுக் கணக்கும்

கடன்காரன் வாயிலில் வந்து நிற்கும் நாளிலும், மேலாளின் கடுஞ்சொல் காதில் ஒலித்துக்கொண்டிருக்கும் இரவிலும், "எல்லாவற்றையும் விட்டொழித்து, எங்கேனும் ஒரு காட்டோரத்தில் குடிசை போட்டு, நாலு கிழங்கு நட்டு நிம்மதியாய் இருந்துவிடலாம்" என்று ஒருமுறையேனும் எண்ணாதவர் நம்முள் எத்துணைப் பேர்? தோட்டத்திலே பால் மரம் வெட்டுகிறவனும் எண்ணுகிறான். பட்டினத்திலே கணக்கெழுதுகிறவனும் எண்ணுகிறான். அவ்வெண்ணம் பிறந்தவுடனே, "உலகம் மாயை, உற்றார் பந்தம், காடே கதி" என்று காவியைக் காட்டி வழி சொல்ல ஒருவர் வந்து சேர்வதும் நம் நாட்டு வழக்கமே.

இவ்வெண்ணம் நமக்கு மட்டும் உரியதன்று. வட அமெரிக்காவிலே மாசச்சூசெட்சு மாநிலத்தில் கான்கார்டு என்னும் சிற்றூரினர் ஒருவர், இதனை எண்ணியதோடு நில்லாமல் செய்தும் பார்த்தார். பார்த்ததை ஒரு நூலாகவும் எழுதி வைத்தார். அவர் பெயர் ஹென்றி டேவிட் தோரோ. நூலின் பெயர் 'வால்டன்'. 1854 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பாஸ்டன் நகரில் அது வெளிவந்தது. முதற்பதிப்பு 2,000 படிகளே. அவை விற்றுத் தீரவும் ஆண்டுகள் பல ஆயின. இன்றோ உலக மொழிகள் பலவற்றில் அந்நூல் வாழ்கின்றது. அதனைப் புகழ்வார் பலர், இகழ்வாரும் சிலர். இரு திறத்தாரும் நூலின் உட்பொருளை விட்டு ஓரத்திலே நின்று வழக்காடுகின்றனர் என்பது நம் கருத்து. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நடந்ததைச் சுருங்கச் சொல்வோம். தோரோ 1817 இல் பிறந்தவர். ஹார்வர்டு கல்லூரியில் பயின்றவர். தந்தையார் பென்சில் செய்து விற்பவர். அத்தொழிலில் மகனும் கைவந்தவர். 1845 ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் ஒரு கோடரியை இரவல் வாங்கிக்கொண்டு, ஊருக்கு ஒன்றரை மைல் தொலைவிலுள்ள வால்டன் என்னும் குளக்கரைக் காட்டினுள் நுழைந்தார். நிலம் அவருடைய நண்பரும் அறிஞருமான எமர்சனுக்கு உரியது. மரத்தை வெட்டிச் செதுக்கித் தாமே குடில் அமைத்தார். இருப்புப் பாதையில் வேலை செய்த ஐரிஷ்காரர் ஒருவரின் பழங்குடிசையை 4 வெள்ளி 25 காசுக்கு வாங்கிப் பிரித்து, அதன் பலகைகளைப் பயன்படுத்திக்கொண்டார். 10 அடி அகலம், 15 அடி நீளம், ஒரே அறை. அவ்வாண்டு ஜூலை 4 ஆம் நாள் குடிபுகுந்து, 1847 செப்டம்பர் 6 ஆம் நாள் வெளியேறினார். ஆக, இரண்டு ஆண்டு, இரண்டு மாதம், இரண்டு நாள்.

இனி, இவரைத் துறவி என்று கொண்டாடுவாரை நோக்குவோம். துறவி கணக்கெழுதுவானா? தோரோ எழுதினார், அதுவும் அரைக்காசு, கால்காசு விடாமல் எழுதினார். வீடு கட்டிய செலவு அமெரிக்க வெள்ளி 28, காசு 12½. அக்காலத்தில் கல்லூரி மாணவன் ஒருவன் தன் அறைக்கு ஓராண்டு வாடகையாக இறுத்த 30 வெள்ளியினும் இது குறைவு என்று அவரே ஒப்பிட்டுக் காட்டுகிறார். இரண்டரை ஏக்கரில் பெரும்பாலும் அவரை விதைத்தார். பாத்திகளை ஒன்றோடொன்று சேர்த்து நீட்டினால் ஏழு மைல் நீளம் என்கிறார். பயிர்ச் செலவு 14 வெள்ளி 72½ காசு. வரவு 23 வெள்ளி 44 காசு. மிச்சம் 8 வெள்ளி 71½ காசு. எட்டு மாத உணவுச் செலவு 8 வெள்ளி 74 காசு. அவ்வுணவுப் பட்டியலின் தலையில் நிற்பது எது என்று எண்ணுகிறீர்கள்? அரிசி! இந்தியத் தத்துவத்தை விரும்பிய தமக்கு அரிசியே தக்க உணவு என்று நகைச்சுவையாக அவர் சொல்லிக்கொள்வதைப் படிக்கும்போது நமக்கும் புன்முறுவல் தோன்றாமற் போகாது.

அவருடைய மொத்தச் செலவு 61 வெள்ளி 99¾ காசு. வரவோ 36 வெள்ளி 78 காசு. அதில் 13 வெள்ளி 34 காசு கூலி வேலை செய்து ஈட்டியது. எஞ்சிய குறை கைம்முதலினின்று ஈடு செய்யப்பட்டது. அதாவது, அவரையை நட்டதனால் மட்டும் அவர் வாழ்ந்துவிடவில்லை. ஊரார்க்குக் கூலி வேலையும் செய்தார். இதனை அவர் மறைக்கவில்லை. "காட்டில் வாழ்ந்தேன், இயற்கைத்தாய் ஊட்டினாள்" என்று பொய்யுரைப்பது அவர்க்கு எளிதாயிருந்திருக்கும். அவ்வாறு உரைத்திருந்தால் நம்மிடையே அவர்க்குச் சிலர் கோயிலும் எடுத்திருப்பர். அவர் அது செய்யாது, வரவுசெலவுப் பட்டியலை அச்சிட்டு நம் முன் வைத்தார். இந்த ஒரு நேர்மைக்காகவே அந்நூல் போற்றத்தக்கது.

குடிலில் அவர் இட்டிருந்த நாற்காலிகள் மூன்று. தனித்திருக்கும்போது ஒன்று, நண்பர் வந்தால் இரண்டு, பலர் கூடினால் மூன்று. ஊருக்குள் அடிக்கடி சென்று செய்தி கேட்டு வந்தார். குளத்தின் ஒரு கரையை ஒட்டியே 1844 இல் இட்ட இருப்புப் பாதை சென்றது. நாள்தோறும் புகைவண்டி ஊதியது. 1846 ஆகஸ்டு முதல் நாள், அடிமை ஒழிப்புச் சங்கத்தார் அக்குடிலின் வாயிலிலேயே கூட்டம் நடத்தினர். அதற்கு முந்திய மாதம், அடிமை முறையைப் பேணும் அரசுக்குத் தலைவரி செலுத்த மாட்டேன் என்று மறுத்ததற்காக ஓரிரவு சிறையிலும் இருந்தார். மனிதரை வெறுத்து ஓடியவர் செய்யும் செயல்களா இவை? உலகைத் துறந்தவர்க்கு உலகத்தின் அடிமைகளைப் பற்றிக் கவலை ஏன்?

துறவறத்தைப் பாடிய வள்ளுவரும் இல்லறவியலை முன் வைத்தே துறவறவியலைப் பின் வைத்தார். துறவியர்க்கும் உற்ற துணையாய் நிற்பவன் இல்லறத்தானே என்பது அவர் துணிபு. அவ்வகையில், தோரோவைக் காவிக் கூட்டத்தில் சேர்ப்பது அவர்க்கும் நியாயமன்று, நமக்கும் பயனன்று.

நிற்க. இகழ்வார் கூறுவது யாது? "இது என்ன பெரிய வீரம்? தாய் வீடு ஒன்றரை மைலில் இருந்தது. அங்கே சென்று விருந்துண்டார்; துணியை வெளியே கொடுத்து வெளுத்து வாங்கினார்; பிறன் நிலத்தில் வாடகையின்றி இருந்தார். இவர் தன்னுரிமை வாழ்வைப் பற்றிப் பேசலாமா?" என்பர். இக்குற்றச்சாட்டில் மெய் இல்லாமலில்லை. துணி வெளுத்தலும் தைத்தலும் பெரும்பாலும் வெளியே நடந்தன என்றும், அதற்குரிய கணக்கு இன்னும் வந்து சேரவில்லை என்றும் பட்டியலின் அடியில் அவரே எழுதுகிறார். நகையாடி எழுதிய அவ்வரியில்தான் ஓர் உண்மை ஒளிந்து கிடக்கிறது. அந்தக் கணக்கு என்றுமே வருவதில்லை! வெளுத்தவர் யாரென்று அவர் சொல்லவில்லை. தாயோ, தங்கையோ, பிறரோ, யாராயினும் அவருடைய உழைப்புக்கு அப்பட்டியலில் இடமில்லை. தம் கோடரியின் உழைப்பைக் கால்காசு வரை எண்ணியவர், பிறர் கையின் உழைப்பை ஒரு நகைச்சுவையோடு கடந்துவிட்டார். நம் வீடுகளில் மட்டும் என்ன வாழ்கிறது? விடியுமுன் எழுந்து, சோறாக்கி, பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டு, ஆணோடு சமமாய் மரம் வெட்டி, மாலையில் மீண்டும் அடுப்படிக்குத் திரும்பிய நம் தாய்மாரின் உழைப்பை எந்த ஏட்டில் எழுதினோம்? ஆதலால் இக்குற்றத்துக்காக அவர்மீது கல்லெறியும் உரிமை நமக்கில்லை; நம் ஏட்டைத் திருத்திக்கொள்ளும் கடமையே உண்டு.

நம் கண்ணுக்குப் படும் பெருங்குறை வேறொன்று. நூலின் நடுவே ஜான் பீல்டு என்னும் ஐரிஷ் தொழிலாளியின் கதை வருகின்றது. ஒருநாள் மீன் பிடிக்கச் சென்ற தோரோ, மழைக்கு ஒதுங்க ஒரு பாழ்ங்குடிலை நாடினார். உள்ளே ஜான் பீல்டும், மனைவியும், குழந்தைகள் பலரும் இருக்கக் கண்டார். கூரை ஒழுகுகின்றது. அயலிலுள்ள ஒரு பண்ணையாருக்குச் சதுப்பு நிலத்தை மண்வெட்டியால் கொத்திக் கொடுப்பது அம்மனிதனின் தொழில். ஏக்கருக்குப் பத்து வெள்ளி கூலி. அதோடு அந்நிலத்தை ஓராண்டு பயிரிட்டுக்கொள்ளலாம். தோரோ அவனுக்கு உபதேசம் செய்யத் தொடங்குகிறார். தேநீர், காப்பி, வெண்ணெய், பால், இறைச்சி இவற்றை விட்டுவிடு. விட்டால் இவ்வளவு உழைக்க வேண்டியதில்லை. இவ்வளவு உழைக்காவிட்டால் இவ்வளவு உண்ண வேண்டியதுமில்லை என்பது அவ்வுபதேசத்தின் சாரம். கணவன் பெருமூச்செறிகிறான்; மனைவி இடுப்பில் கையூன்றி வியந்து பார்க்கிறாள். முடிவில், வழிவழி வந்த ஐரிஷ் வறுமை இவனை விடாது என்னும் கருத்துப்பட எழுதி, ஆசிரியர் தம் வழியே செல்கிறார்.

இவ்விடத்தை நாம் படிக்கும்போது நம் நெஞ்சு கொதிக்கின்றது. தோரோ குளக்கரையில் குடிபுகுந்த அதே 1845 ஆம் ஆண்டில்தான் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. அதைத் தொடர்ந்த பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். மற்றும் பத்து இலட்சத்தினர் கப்பலேறினர். ஐரிஷ் ஏழையின் வறுமை அவன் இரத்தத்தில் ஊறியதன்று. நிலம் பிறனிடமும் ஆட்சி பிறனிடமும் இருந்ததனால் விளைந்தது. அவ்வாறு கடல் கடந்து வந்தவனுக்கு ஒரு கோப்பைத் தேநீரும், வாரத்தில் ஒருநாள் இறைச்சியும் ஆடம்பரமா? தாய்நாட்டில் கிடைக்காத அவை நாள்தோறும் கிடைப்பதே அமெரிக்கா வந்ததன் பயன் என்று ஜான் பீல்டு கருதினான். அக்கருத்தில் குற்றம் காண்பதற்கு முன், பசித்திருந்தவன் பக்கத்தில் சற்று அமர்ந்து பார்க்க வேண்டும்.

இதில் வியப்பு என்னவெனில், தொழிலாளியின் துயரை அறியாதவர் அல்லர் தோரோ என்பதே. இருப்புப் பாதையின் அடிக்கட்டைகளையும் அப்பாதையை இட்ட மனிதரையும் ஒன்றாக வைத்து, பிறர் உடல்மீது நாம் ஊர்ந்து செல்கிறோம் என்று உணர்த்தியவரும் அவரே. 1942, 43 ஆம் ஆண்டுகளில் சயாம் மரண இரயிலுக்கு இம்மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பாத பல்லாயிரவரை எண்ணிப் பார்க்கும் நம்மவர்க்கு, அப்பகுதி நூற்றாண்டுக்கு முன் நமக்கென்றே எழுதியது போலத் தோன்றும். உழைப்பாளியைத் தொலைவில் நின்று கண்டபோது அவர்க்கு இரக்கம் பிறந்தது. ஒழுகும் கூரையின் கீழ் அவனோடு முகத்துக்கு முகம் அமர்ந்தபோது உபதேசம் பிறந்தது. படித்தவர்க்கெல்லாம் உள்ள நோய் இது. எழுதும் நமக்கும் உண்டு.

வேண்டிக் கொள்ளும் எளிமை வேறு. வேறு வழியின்றி வந்த வறுமை வேறு. வால்டன் காட்டில் தோரோவுக்கு முன்னரும் மக்கள் வாழ்ந்தனர். அவர்களைப் பற்றி அவரே ஓர் இயல் எழுதியுள்ளார். கேட்டோ, பிரிஸ்டர் என்பார் முன்னாள் அடிமைகள். சில்பா என்னும் கறுப்பினப் பெண் நூல் நூற்றுப் பிழைத்தாள். 1812 ஆம் ஆண்டுப் போரின்போது அவள் வெளியே சென்றிருந்த வேளையில், சிறைப்பட்டிருந்து வெளிவிடப்பட்ட ஆங்கிலப் படைவீரர் அவள் குடிலுக்குத் தீ வைத்தனர். பூனையும் நாயும் கோழிகளும் வெந்து மடிந்தன. இவர்கள் காட்டிலே வாழ்ந்தது தத்துவம் ஆராய்வதற்கன்று. ஊருக்குள் நல்ல நிலம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஊரார் வேண்டாத மண்ணில் ஒதுங்கினர். நம் நாட்டில் ஊர் என்றும் சேரி என்றும் பிரித்துவைத்த கொடுமையை அறிந்தோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஒரே காடு ஒருவர்க்குப் பள்ளிக்கூடம், மற்றவர்க்குத் தண்டனை. மறக்கப்பட்ட அவர்தம் பெயர்களைத் தேடி எழுதிவைத்தது தோரோவின் பெருமை. ஆனால் அவர்தம் வாழ்வையும் தம் சோதனையையும் அருகருகே வைத்து, "எனக்கு வெளியேறும் வழி இருந்தது, இவர்க்கு இல்லை" என்று அவர் எழுதியிருந்தால் அந்நூல் இன்னும் ஒரு படி உயர்ந்திருக்கும்.

குளத்தின் நீரும் தனித்திருக்கவில்லை என்பதை இங்கே சொல்லவேண்டும். 1846 ஆம் ஆண்டு மாரிக்காலத்தில் நூறு ஐரிஷ் தொழிலாளர், மேற்பார்வையாளர்களுடன் நாள்தோறும் வந்து, உறைந்த குளத்தை அறுத்துப் பனிக்கட்டியாக அடுக்கினர். அமெரிக்கப் பனிக்கட்டியைக் கப்பலேற்றி இந்தியாவில் விற்றவர் பாஸ்டன் வணிகர் டியூடர். அதை வைப்பதற்கென 1842 இல் சென்னைக் கடற்கரையில் எழுந்த 'ஐஸ் ஹவுஸ்' கட்டிடம் இன்றும் விவேகானந்தர் இல்லம் என்னும் பெயரோடு நிற்கின்றது. தம் குளத்து நீரைச் சென்னையிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் உள்ளார் பருகுவர் என்று தோரோ எண்ணி மகிழ்கிறார். காட்டின் நடுவே அமர்ந்தவனின் குளம் கூட உலக வாணிபத்தினின்று தப்பவில்லை! இரப்பர் விலை இலண்டனில் இறங்கினால் நம் லயத்தில் அடுப்பு அணைந்த காலத்தை அறிந்த குடும்பங்களுக்கு இது புதிய பாடமன்று. சமுதாயத்தை விட்டு ஓடி ஒளிய உலகில் இடமில்லை.

அங்ஙனமாயின் இந்நூலால் நமக்கு ஆவதென்ன? ஆவது பெரிது. ஒரு பொருளின் உண்மை விலை அதற்காக நாம் கொடுக்கும் பணமன்று. அப்பணத்தை ஈட்ட நம் ஆயுளில் எத்தனை நாள் கழிகின்றது என்பதே விலை. இவ்வளவுகோலைத் தோரோ நம் கையில் தருகிறார். ஆண்டில் ஏறத்தாழ ஆறு வாரம் உழைத்தால் தம் செலவுக்குப் போதும் என்று அவர் கண்டது இவ்வளவுகோலால்தான். பெண்டு பிள்ளை உள்ளவனுக்கு ஆறு வாரம் போதாது. மணமாகாத தோரோவுக்குப் போதியது. கணக்கு மாறும், அளவுகோல் மாறாது.

அவ்வளவுகோலை ஜான் பீல்டின் தேநீர்க் கோப்பைமீது வைக்க வேண்டா. வைக்க வேண்டிய இடங்கள் நம்மிடம் வேறு பல உண்டு. ஒருநாள் திருமணத்துக்கு ஐந்தாண்டுக் கடன். அதனை வெள்ளியில் எண்ணாதீர், விடியற்காலைகளில் எண்ணுங்கள். முன்னாளில் தோட்டத்துக் கள்ளுக்கடையில் விட்ட கூலியை நம் பாட்டன்மார் இவ்வாறு எண்ணியிருந்தால், அடகுக்கடையில் மூழ்கிய தாலிகள் எத்தனையோ மீண்டிருக்கும். இந்நாளில் கள்ளுக்கடையின் இடத்தைத் தவணைக் கடை பிடித்துக்கொண்டது. அயலான் வாங்கினான் என்பதற்காக நாமும் வாங்கும் வண்டிக்கு எத்தனை மாத இரவு வேலை விலையாகிறது? இக்கேள்வியை நம்மை நாமே கேட்பது எளிமை. நம் கூலியாளைப் பார்த்து, "நீ குறைத்து உண்" என்று முதலாளி சொல்வது எளிமையன்று. அது களவுக்கு இட்ட நற்பெயர்.

எளிய வாழ்வைக் கூட்டாக வாழ்ந்து காட்டிய ஒரு சான்றும் உண்டு. தோரோவின் எழுத்தை 1907 இல் தம் 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் எடுத்துக்காட்டிய காந்தியார், 1910 இல் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகருக்கு 21 மைல் தொலைவில் டால்ஸ்டாய் பண்ணையை அமைத்தார். ஏறத்தாழ 1,100 ஏக்கர் நிலத்தை நண்பர் காலன்பாக் உதவினார். சிறை சென்ற போராட்டக்காரரின் குடும்பங்கள் அங்கே வாழ்ந்தன; அவருள் தமிழர் பலர். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி என்னும் வேற்றுமையின்றி ஒரே சமையல், வேலைக்காரர் இல்லை, செருப்புத் தைத்தலும் மலம் அகற்றலும் யாவர்க்கும் பொது. எந்தத் தொழிலைக் காட்டி நம் நாட்டில் மனிதரைத் தாழ்த்தினரோ, அத்தொழிலை யாவரும் செய்தனர். அங்கே எளிமை, ஓடி ஒளிவதற்கு வழியாக இல்லாமல் நீண்ட போராட்டத்தைத் தாங்குவதற்குப் பலமாக இருந்தது. தனியொருவர் குளக்கரையில் கண்ட கணக்கைப் பல குடும்பங்கள் சேர்ந்து போட்டபோது, தோரோவின் பட்டியலில் விடுபட்ட வெளுப்பு வேலையும் வரிசைக்கு வந்தது.

தோரோ குளக்கரையை விட்டு வெளியேறியதைச் சிலர் தோல்வி என்பர். வாழ வேண்டிய வாழ்வுகள் தமக்கு வேறும் உண்டென்று கருதியே வெளியேறியதாக அவர் கூறுகிறார். அதன்பின் அவர் செய்தவை யாவை? வரி மறுப்பைப் பற்றிய தம் உரையை 1849 இல் வெளியிட்டார். ஓடி வந்த அடிமைகளுக்கு உதவினார். அடிமை முறையை எதிர்த்து வாளெடுத்த ஜான் பிரௌனுக்காக 1859 இல், பலர் வாய் திறக்க அஞ்சிய வேளையில், மேடையேறிப் பேசினார். 1862 இல், 44 ஆம் வயதில் காசநோயால் மறைந்தார். குறைவாய்த் தேவைப்படுகிறவனை அச்சுறுத்துவது அரிது. காடு அவர்க்குத் தந்த வலிமை அதுவே. அதனை அவர் காட்டிலேயே புதைத்துவிடாமல் ஊருக்குக் கொண்டுவந்தார்.

1945 இல், அவர் குடிபுகுந்த நூறாம் ஆண்டில், அக்குடிலின் புகைபோக்கி நின்ற அடித்தளத்தைத் தோண்டிக் கண்டனர். இன்று அவ்விடம் காண உலகெங்குமிருந்து மக்கள் செல்கின்றனர். நாம் அத்துணைத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. 10 அடிக்கு 15 அடி அறை எத்தகையது என்பது லயத்து வீட்டில் பிறந்தவர்க்குத் தெரியும்; அதனைப் பார்க்கக் கப்பலேற வேண்டுமா? நமக்கு வேண்டுவன இரண்டே. ஒன்று, வீட்டில் ஒரு கணக்கேடு. அதில் வரவும் செலவும் மட்டுமன்றி, யார் கை எத்தனை நாழிகை உழைத்தது என்பதும் எழுதப்படுதல் வேண்டும். மற்றொன்று, அந்த மூன்றாவது நாற்காலி. அதனை வாயிற்புறத்தில் இட்டு வையுங்கள். மழைக்கு ஒதுங்க ஜான் பீல்டு வந்தால் அதில் அமரட்டும். முதலில் ஒரு கோப்பைத் தேநீர் கொடுங்கள். பேச்சு பின்னர் ஆகட்டும்.